கூலியைக் கொடுத்துவிடலாம், லீவை யார் கொடுப்பது?

ஒவ்வொரு வருஷமும் காந்தி ஜெயந்திக்கு அடுத்த ஓரிரு நாளில் மாவட்டச் செய்திப் பக்கத்தில் ஒரு துண்டுச் செய்தி வரும். தொழிலாளர் துறையினர் கடைகளிலும் உணவகங்களிலும் திடீர் ஆய்வு செய்தார்கள்; விடுமுறையும் விடாமல், இரட்டைச் சம்பளமோ மாற்று விடுப்போ தராமல் ஆட்களை வேலை வாங்கிய இத்தனை நிறுவனங்கள் மீது நடவடிக்கை என்று அதில் இருக்கும். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம் என்று நாள்தான் மாறும், வாசகம் அப்படியே இருக்கும். படிக்கிறவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். வருஷத்தில் நாலு நாள்கூட ஆளை வீட்டுக்கு விட மாட்டார்களா என்பது ஒரு கட்சி. மூன்று பேரை வைத்துக்கொண்டு மளிகைக்கடை நடத்துகிறவனைப் பிடிக்கத்தான் சட்டமா என்பது இன்னொன்று.

இரண்டு கோபமும் நியாயம்தான். ஆனால் இரண்டு கட்சியுமே பொதுவாக ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. ஒரே ஒரு உதவியாளரை வைத்திருக்கும் கடையை எடுத்துக்கொள்வோம். வாரத்துக்கு ஒரு நாள் விடுமுறை, வருஷத்துக்கு 52. தேசிய, பண்டிகை விடுமுறைகள் பற்றிய 1958-ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டப்படி, நான்கு தேசிய நாட்களும் ஐந்து பண்டிகை நாட்களும் சேர்த்து 9. கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ஆம் வருஷத்தது. அதன்படி ஒரு வருஷம் முடித்தவருக்குச் சம்பளத்தோடு 12 நாள் விடுப்பு, உடம்பு சரியில்லை என்றால் இன்னொரு 12, சொந்த வேலைக்கு மற்றொரு 12. மொத்தம் 97 நாள். கடைக்காரர் 365 நாளுக்கும் சம்பளம் கொடுக்கிறார். உதவியாளர் கடையில் நிற்பது 268 நாள்.

வார விடுமுறையைத் தள்ளிவிடுங்கள்; அன்றைக்குக் கடையே மூடியிருக்கலாம். மீதி 45 நாள் கடை திறந்திருந்து ஆள் இல்லாத நாட்களாக இருக்கக்கூடும். இருநூறு பேர் வேலை செய்யும் ஜவுளிக்கடையில் தினமும் பத்துப் பதினைந்து பேர் லீவில் இருப்பார்கள். அதற்கும் சேர்த்துத்தான் ஆள் எடுத்திருப்பார்கள், யாருக்கும் தெரியாது. ஒரே உதவியாளர் உள்ள கடையில் அந்த ஒருவர் வரவில்லை என்றால் வேலையாட்களில் நூறு சதவீதம் லீவு. கல்லாவில் உட்காரும் அண்ணாச்சி இறங்கி மூட்டை தூக்க வேண்டும், இல்லை பள்ளிக்கூடம் போகிற பையனை நிறுத்திக் கடையில் உட்கார வைக்க வேண்டும். அதனால் நடைமுறையில் இந்த 36 நாள் விடுப்பு பெரும்பாலான சிறு கடைகளில் கிடையாது. வராத நாளுக்குச் சம்பளம் கட். அதுதான் எழுதாத சட்டம்.

குறைந்தபட்ச ஊதியத்தையும் சம்பளத்தோடு கூடிய விடுப்பையும் நாம் ஒரே மூச்சில் பேசுகிறோம். அரசும் இரண்டையும் ஒரே மாதிரி முதலாளி தலையில் வைக்கிறது. இரண்டும் வேறு வேறு ஜாதிச் சுமைகள் என்பது என் கட்சி. முதலாவதைச் சிறு தொழில் தாங்கும். தாங்கித்தான் ஆக வேண்டும். இரண்டாவதை ஒரு தனி முதலாளி மட்டும் தாங்குவதாகச் சட்டம் எழுதினால், அது புத்தகத்திலேயே கிடக்கும்.

இப்போது இதைப் பேச ஒரு காரணம் இருக்கிறது. 29 மத்தியத் தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாக மாற்றி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது மத்திய அரசு. பழைய குறைந்தபட்ச ஊதியச் சட்டம் அம்பேத்கர் தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்தபோது, 1946-ல், மசோதாவாக வந்து 1948-ல் நிறைவேறியது. அரசு பட்டியலிட்ட தொழில்களுக்கு மட்டும்தான் அது பொருந்தியது. புதிய ஊதியத் தொகுப்பில் பட்டியலே கிடையாது. எந்தத் தொழிலானாலும், ஒரே ஒரு ஆள் வைத்திருந்தாலும் குறைந்தபட்ச ஊதியம் உண்டு. குறைத்துக் கொடுத்தால் அபராதம் 50,000 ரூபாய் வரை. பழைய சட்டத்தில் அது வெறும் 500 ரூபாய். ஆறு மாதச் சிறை என்று எழுதியிருந்தாலும் அபராதத்தோடு முடிந்துபோவதே வழக்கமாக இருந்தது. பாக்கியைக் கேட்டு மனு போட முன்பு ஆறு மாதம்தான் கெடு, இப்போது மூன்று வருஷம். சம்பளம் கொடுத்தாகிவிட்டது என்று நிரூபிக்க வேண்டியதும் முதலாளிதான். துண்டுச் சீட்டில் கணக்கு எழுதி, கையெழுத்து வாங்காமல் ரொக்கமாகக் கொடுத்துப் பழகிய கடைக்காரர்களுக்கு அபராதத்தைவிட இந்தக் கடைசி அம்சம்தான் ஆபத்து. உண்மையிலேயே முழுச் சம்பளமும் கொடுத்தவரிடம்கூடக் காட்டுவதற்கு ஒரு காகிதம் இருக்காது.

ஊதியத்தை முதலில் பார்த்துவிடலாம். 'கட்டுப்படியாகாது' என்ற வாதம் சட்டத்தின் வயதுக்குச் சமமான வாதம். கோழிக்கோடு பக்கத்தில் ஃபெரோக்கில் இருந்த ஓட்டுத் தொழிற்சாலைக்காரர்கள் இதே வாதத்தோடு உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1961-ல் தீர்ப்பு வந்தது. குறைந்தபட்ச ஊதியம் என்று வரும்போது முதலாளியின் சக்தி ஒரு கேள்வியே இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தக் குறைந்தபட்சத்துக்கும் ஓர் அளவுகோல் இருக்கிறது. 1957-ல் நடந்த 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, ஒரு தொழிலாளியின் குடும்பத்தை மூன்று பேருக்கான நுகர்வாகக் கணக்கிட்டு, ஆளுக்கு 2,700 கலோரி சாப்பாடு, குடும்பத்துக்கு வருஷத்துக்கு 72 கஜம் துணி, வீட்டு வாடகை, எரிபொருள், விளக்கு என்று வகுத்தது. பிள்ளைகள் படிப்பு, மருத்துவம், கல்யாணம், முதுமை ஆகியவற்றுக்காக மேலே 25 சதவீதம் சேர்க்கச் சொன்னது சென்னைத் தொழிற்சாலை ஒன்றின் வழக்கு. ரெப்டகோஸ் பிரெட் கம்பெனித் தொழிலாளர்களின் பஞ்சப்படி வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு அது. இன்றைக்கும் தொழிற்சங்கங்கள் மனு எழுத உட்கார்ந்தால் அந்தப் பெயர் வராமல் இருக்காது.

அளவுகோல் ஒருபுறம் இருக்க, நடப்பு வேறு. மத்திய அரசு சொன்ன தேசிய அடித்தள ஊதியம் 2017-ல் நாளுக்கு 176 ரூபாய். 2019-ல் அது 178 ஆயிற்று. ஆம், இரண்டு ரூபாய் உயர்வு. அதே வருஷம் அனூப் சத்பதி தலைமையிலான நிபுணர் குழு 375 ரூபாய் வேண்டும் என்று பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் 178 ரூபாய்க்கு எந்த வேலைக்கும் ஆள் கிடைக்காது. பரோட்டா மாஸ்டர் குறைந்தபட்ச ஊதியத்தைப் பற்றிக் கேள்விகூடப்பட்டிருக்க மாட்டார். அவர் கேட்பதுதான் சம்பளம், அதற்கு மேல் அட்வான்ஸும் உண்டு. கொத்தனார், ஏ.சி. மெக்கானிக், ஓவர்லாக் டெய்லர் எல்லோரும் அந்த வகை. சட்டம் தேவைப்படுவது அதே ஓட்டலில் டேபிள் துடைக்கும் பையனுக்கும், பின்கட்டில் பாத்திரம் கழுவும் அம்மாவுக்கும், ஜவுளிக்கடையில் மடிப்புக் கலைந்த சேலையை மறுபடி மடித்துக்கொண்டே இருக்கும் பெண்ணுக்கும்தான். பேரம் பேசத் தெரியாதவர்கள், வேறு கடைக்குப் போக முடியாதவர்கள். அவர்கள் சம்பளம் நாளுக்கு ஐம்பது ரூபாய் கூடினால் ஓட்டல் மூடிவிடும் என்று சொல்கிற முதலாளி, கேஸ் சிலிண்டர் விலை ஏறியபோது என்ன செய்தார்? தோசை விலையை ஏற்றினார். எதிர்க்கடையும் ஏற்றியது. வியாபாரம் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

அமெரிக்காவில் இதை அளந்தே பார்த்தார்கள். 1992 ஏப்ரலில் நியூ ஜெர்சி மாநிலம் மணிக்கு 4.25 டாலராக இருந்த குறைந்தபட்சக் கூலியை 5.05 ஆக்கியது, பக்கத்து மாநிலமான பென்சில்வேனியா ஏற்றவில்லை. இரண்டு பக்கத்துத் துரித உணவகங்களையும் டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் ஒப்பிட்டார்கள். கூலி ஏறிய பக்கம் வேலைவாய்ப்பு குறையவில்லை. அந்த ஆய்வு கிளப்பிய சண்டை பொருளாதாரத் துறையில் இன்னும் ஓயவில்லை என்றாலும், கார்டுக்கு 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அங்கே ஆய்வுக்கு எடுத்தது உணவகங்களை என்பதை நினைவில் வைக்க வேண்டும். தெருவில் போகிற வாடிக்கையாளரிடம் நேராக விற்பவர் விலையை ஏற்றலாம். விலை சொல்லும் உரிமையே இல்லாத தொழிலதிபர் என்ன செய்வார்?

அப்படிப்பட்டவர்களைப் பார்க்க நியூ ஜெர்சி வரை போக வேண்டாம், திருப்பூர் போதும். பின்னலாடை ஊரில் நூற்றுக்கணக்கான தொழிலாளர்களோடு ஏற்றுமதி செய்யும் கம்பெனிகள் இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே பத்து, பதினைந்து, இருபது மெஷின்களோடு ஓடும் ஜாப் ஒர்க் யூனிட்டுகள் இருக்கின்றன. யூனிட் நடத்துகிறவர்களில் பலர் நேற்று வரை டெய்லராக இருந்தவர்கள். கட்டிங் முடிந்த துணி மூட்டையாக வரும். ஓவர்லாக், பிளாட்லாக் அடித்து, செக்கிங் பார்த்துத் திருப்பி அனுப்ப வேண்டும். பீஸுக்கு இவ்வளவு என்று ரேட். ரேட்டைச் சொல்வது கம்பெனி. கம்பெனிக்கு ரேட் சொல்வது ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இருக்கும் பையர். ஊரில் வாரச் சம்பளம். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் டெய்லர் கையில் பணம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திங்கட்கிழமை அவர் அடுத்த தெரு யூனிட்டில் உட்கார்ந்திருப்பார். யூனிட்காரருக்குப் பில் பணம் வருவது எப்போது? அறுபதாம் நாள் வந்தால் நல்ல பார்ட்டி. தொண்ணூறு ஆனாலும் ஆச்சரியமில்லை. அந்த இடைவெளியில் வரும் எட்டு, பத்து சனிக்கிழமைகளையும் அவர் வட்டிக்கு வாங்கித் தாண்டுகிறார்.

இங்கேயும் சட்டம் இருக்கிறது. 2006-ஆம் வருஷத்து எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தை 45 நாளுக்குள் தர வேண்டும். தவறினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி. வருமான வரிச் சட்டத்திலும் 43பி (எச்) என்று ஒரு பிரிவைச் சேர்த்து, கெடு தாண்டிய பாக்கியை அந்த வருஷச் செலவாகக் காட்ட முடியாது என்று ஆக்கினார்கள். 2024 வாக்கில் அது ஜவுளி ஊர்களையெல்லாம் கலக்கியது. ஆனால் தனக்கு வேலை கொடுக்கும் ஒரே கம்பெனி மீது மூன்று மடங்கு வட்டி கேட்டு மனு போடும் யூனிட்காரர் அடுத்த மூட்டைக்கு எங்கே போவார்? சம்பளச் சட்டத்தை மீறினால் ஆய்வாளர் வருகிறார். 45 நாள் சட்டத்தை மீறினால் பாதிக்கப்பட்டவரே போய்ப் புகார் சொல்ல வேண்டியிருக்கிறது. சிறு முதலாளிகளின் குமுறலில் எனக்கு முழுக்க உடன்பாடான இடம் இது.

சோமனூர், பல்லடம் விசைத்தறிக்காரர்களின் நிலை இன்னும் விசித்திரம். பாவும் நூலும் ஜவுளி உற்பத்தியாளர் கொடுக்கிறார். இவர்கள் மீட்டருக்கு இவ்வளவு என்று கூலிக்கு நெய்கிறார்கள். தறிக்கூடத்துக்குள் இவர் முதலாளி, வாசலைத் தாண்டினால் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்கிறவர். அமைச்சர், ஆட்சியர் முன்னிலையில் ஒப்பந்தம் போட்ட உயர்வே ஒழுங்காகக் கைக்கு வருவதில்லை என்பது அவர்களின் நிரந்தரப் புகார். மேலே இருந்து வராத கூலியை அவர் கீழே எப்படிக் கொடுப்பார் என்று எந்த ஊதிய அறிவிப்பும் கேட்பதில்லை.

இந்த ஆதங்கத்தை முன்னால் நிறுத்தி, பின்னால் ஒளிந்துகொள்வது பெரியவர்களுக்கும் பழக்கம். தையல் தொழிலுக்கு 2004-ல் அரசு அறிவித்த ஊதியம் வருஷக்கணக்கில் வழக்கில் கிடந்தது. 2014-ல் திருத்தி அறிவித்தபோதும் நூற்றுக்கணக்கான ஆடை நிறுவனங்கள் நீதிமன்றப் படியேறின. 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் தொழிலாளர் பக்கம் நின்றது. சிறு யூனிட் தாங்காது என்று வாதாட வக்கீல் வைக்கும் வசதி சிறு யூனிட்டுக்கு எங்கே இருக்கிறது?

இனி லீவு. கூலி ஏறினால் எல்லாக் கடைக்கும் சேர்ந்து ஏறுகிறது. சட்டம் ஊர் முழுக்க ஒரே மாதிரி அமலானால் யாருக்கும் தனியாக நஷ்டமில்லை. விடுப்பு அப்படி வருவதில்லை. பத்துக் கடை உள்ள தெருவில் ஒரு கடைப் பெண்ணுக்குப் பிரசவம், இன்னொரு கடைப் பையனுக்குக் கால்முறிவு, மற்ற எட்டுக் கடைக்கு அந்த வருஷம் ஒன்றும் இல்லை. கண்டத்தில் மாட்டிய கடை மட்டும் முழுச் செலவையும் சுமக்கிறது. இப்படிப்பட்ட செலவுக்கு உலகம் கண்டுபிடித்த வழி, எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் போட்டு வைப்பது.

நம்மிடம் அது இல்லாமல் இல்லை. 1952-ல் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கிய இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம் அதற்குத்தான். பத்துப் பேர் இருந்தால் சேர வேண்டும். மாதம் 20,000 ரூபாய் சம்பளம் வாங்கும் பெண்ணுக்கு முதலாளி 3.25 சதவீதம், அதாவது 650 ரூபாய் கட்டுகிறார். அந்தப் பெண் 150 ரூபாய். பிரசவம் என்றால் 26 வாரச் சம்பளத்தையும் இ.எஸ்.ஐ. கொடுத்துவிடுகிறது. நோயில் படுத்தாலும் வருஷத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் அங்கிருந்தே வருகிறது. கடைக்காரருக்கு ஆள் இல்லாத சிரமம் உண்டு, இரட்டைச் செலவு கிடையாது.

அந்தப் பெண் நன்றாக வேலை செய்கிறாள் என்று சம்பளத்தை 22,000 ஆக்கினால் என்ன ஆகும்? இ.எஸ்.ஐ. வரம்பு 21,000 ரூபாய். நடப்புச் சந்தாக் காலம் முடிந்ததும் அவள் வெளியே. அதற்குப் பிறகு வரும் பிரசவ விடுப்புக்கு 26 வாரச் சம்பளமும் முதலாளியின் கைக்காசு, ஏறத்தாழ 1,32,000 ரூபாய். மாற்று ஆள் வைத்தால் அந்தச் சம்பளம் தனி. இந்த 21,000 ரூபாய் வரம்பு 2017 ஜனவரியில் வைத்தது. நாடாளுமன்றம் அதே 2017-ல்தான் பேறுகால விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 ஆக்கியது. விடுப்பு இரட்டிப்பானது நல்ல காரியம். அந்தச் செலவுக்கு ஒரு பைசாகூட அரசு ஒதுக்காமல் மொத்தத்தையும் முதலாளி பக்கம் தள்ளிவிட்டது சாமர்த்தியம். தமிழ்நாடு அரசு தன் பெண் ஊழியர்களுக்கு 2021-ல் இதைப் பன்னிரண்டு மாதமாக்கியது. கஜானாவிலிருந்து கொடுக்கிறது, கொடுக்க முடிகிறது. பன்னிரண்டு பேர் வேலை செய்யும் ஆடிட்டர் ஆபீஸோ, ஸ்கேன் சென்டரோ, கணினிப் பயிற்சி மையமோ கல்யாணமான பெண் நேர்காணலுக்கு வந்தால் என்ன யோசிக்கும் என்பதை யாரும் எழுதிவைக்க மாட்டார்கள். 'அப்புறம் சொல்லி அனுப்புகிறோம்' என்பார்கள், அவ்வளவுதான். பெண்ணுக்காகப் போட்ட சட்டம் அந்த இடத்தில் பெண்ணின் வேலைக்கே உலை வைக்கிறது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தொடங்கிய 1919-லேயே, பேறுகாலப் பணம் அரசு நிதியிலிருந்தோ காப்பீட்டிலிருந்தோ வர வேண்டும் என்று உடன்படிக்கை எழுதியது. தனி முதலாளி மேல் அந்தச் செலவைச் சுமத்தாதீர்கள் என்று 2000-ஆம் வருஷத்து 183-ஆம் உடன்படிக்கையும் சொல்கிறது. இந்தியா அதை ஏற்றுக் கையெழுத்திடவில்லை. ஜெர்மனியில் எல்லா முதலாளிகளும் ஒரு சிறு சந்தாவைப் பொது நிதியில் கட்டுகிறார்கள். பேறுகாலச் செலவு முழுவதும் அதிலிருந்து திரும்ப வந்துவிடும். முப்பது பேர் வரை உள்ள சிறு நிறுவனமானால், தொழிலாளி நோயில் படுத்த நாட்களுக்குக் கொடுத்த சம்பளத்திலும் 80 சதவீதம் வரை திரும்பக் கிடைக்கும். சிறு நிறுவனத்துக்குச் சலுகை என்றால் அங்கே அது இப்படித்தான் இருக்கிறது. தொழிலாளியின் லீவில் அவர்கள் கை வைப்பதில்லை.

நம் ஊரில் சலுகை என்றால் தலையெண்ணிக்கை. பத்துப் பேர் என்றால் இ.எஸ்.ஐ., பணிக்கொடை. இருபது என்றால் பி.எஃப்., போனஸ். சட்டத்தைத் தெரிந்துகொண்ட கடை ஒன்பது பேரோடு நின்றுவிடுகிறது. பத்தாவது ஆள் வேண்டுமென்றால் மனைவி பெயரில் இன்னொரு ஜி.எஸ்.டி. எண் வாங்கி, நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு வைத்து, ஒரே கடையை இரண்டு கடையாக்கிவிடுகிறார்கள். கல்லா மட்டும் ஒன்றேதான். இதில் வேடிக்கை என்னவென்றால், இ.எஸ்.ஐ.க்கு வெளியே இருப்பதால் அவர் மிச்சம் பிடிப்பது ஆளுக்கு மாதம் ஐந்நூறு, அறுநூறு ரூபாய். ஒரே ஒரு விபத்தில் அந்த மிச்சம் மொத்தமும் போய்விடும். பத்துக்குக் குறைவாக இருந்தாலும் விரும்பினால் சேரலாம் என்று புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு கதவைத் திறந்துவைத்திருக்கிறது. இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் ஒரு மாத்திரைக்காக அரை நாள் கூலியை இழந்து நிற்கும் வரிசை குறையாதவரை, அந்தக் கதவு வழியாகத் தானாக நுழைகிறவர்கள் கொஞ்சமாகத்தான் இருப்பார்கள்.

லீவின் உருவமே மாறிக்கொண்டிருப்பதையும் சட்டம் கவனிக்க வேண்டும். பீகார், ஒடிசா, மேற்கு வங்கத்திலிருந்து வந்து ஓட்டல்களிலும் பனியன் கம்பெனிகளிலும் வேலை செய்கிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவில் பெரிய பிரியம் கிடையாது. அன்றைக்கும் வேலை செய்தால் காசு. அவர்களுக்கு வேண்டியது ஹோலிக்கோ சத் பூஜைக்கோ ஒரே மூச்சாக முப்பது, நாற்பது நாள். இப்போது அது சம்பளமில்லாத லீவு; திரும்பி வருவார்களா என்பதும் தெரியாது. பணியிடப் பாதுகாப்பு பற்றிய புதிய தொகுப்பில், பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் 180 நாள் வேலை செய்தாலே இருபது நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பள விடுப்பு சேரத் தொடங்கிவிடும். முன்பு தொழிற்சாலைச் சட்டத்தில் இதற்கு 240 நாள் வேண்டியிருந்தது. ஊருக்குப் போகும்போது அந்தப் பதினான்கு, பதினைந்து நாள் சம்பளத்தைக் கையில் கொடுத்து அனுப்பும் முதலாளியிடம் ஆள் திரும்பி வருவார். சில கம்பெனிகள் ரயில் டிக்கெட்டே எடுத்துக் கொடுக்கின்றன. சட்டத்துக்குப் பயந்து செய்வதில்லை, ஆள் பஞ்சம்.

மாநில அரசு ஊதியத்தைத் திருத்தும்போது, குழு போட்டுப் பரிந்துரை கேட்கலாம். இல்லாவிட்டால் வரைவை அரசிதழில் போட்டு ஆட்சேபம் சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் அவகாசம் தர வேண்டும். இரண்டாவது வழியில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். பெரிய சங்கங்களின் லெட்டர்ஹெட்டில் 'உயர்வைத் தள்ளிப்போடுங்கள்' என்று ஒரே வாசகத்தோடு மனுக்கள் போவதுதான் வழக்கம். ஒன்பது பேர் கடைக்காரரும் பதினைந்து மெஷின் யூனிட்காரரும் அடுத்த முறை தனியாக எழுதட்டும்: கூலி உயர்வு அறிவிக்கும் அதே தேதியில் ஜாப் ஒர்க் ரேட்டுக்கும் ஓர் அடித்தளம் வையுங்கள், 45 நாள் பாக்கியைப் பார்க்கவும் ஆய்வாளரை அனுப்புங்கள், இ.எஸ்.ஐ. வரம்பை 21,000 ரூபாயிலிருந்து ஏற்றச் சொல்லி டெல்லிக்கு எழுதுங்கள் என்று.